புழுவுக்கு ஒரு ஸ்டார்

அக்டோபர் 6, திங்கள்

வீடு 48. புழு இருந்தது 3.

சூப்பர்வைசர் சார் இந்த டைரியைக் கொடுத்தது மேலே இருக்கிற அந்த ஒரு வரியை எழுதத்தான். ஒரு வரிக்கு ஒரு பக்கமா? மிச்சத்தை வெள்ளையாக விட எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் நான், தமிழில் நூற்றுக்கு எழுபத்தெட்டு. கொசு மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள்தானே, இந்த முப்பிடாதிக்கு என்ன எழுதத் தெரியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

திங்கட்கிழமை எனக்கு மேலத்தெரு. காலை ஏழு மணிக்கே போய்விடுவேன். எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில், தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? டிரம், தொட்டி, குடம், பீடி இலை நனைக்கிற சட்டி என்று வீடு நிறையத் தண்ணீர்தான். டார்ச் அடித்துப் பார்த்து, புழு நெளிந்தால் கொட்டச் சொல்ல வேண்டும். கொட்ட முடியாத தொட்டி என்றால் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து. இதுதான் வேலை. இதற்கு வாங்குகிற பேச்சு இருக்கிறதே! இன்றைக்கு ஒருத்தி சொல்கிறாள், "எங்க வீட்டுக் கொசு எங்கள ஒண்ணும் செய்யாதுக்கா, பழகிட்டு." கொசுவையும் நாயையும் ஒன்றாக வைத்துப் பேசுகிற ஜனங்கள்.

மூன்றாவது வீடு மைமூன் வீடு. புருஷன் சவூதியில். இவள் பீடி சுற்றிக்கொண்டு, ஹப்ஸாவையும் ஆதிலையும் வளர்க்கிறாள். ஹப்ஸா மூன்றாம் வகுப்பு. ஆதிலுக்கு இரண்டரை வயசு, ஓரிடத்தில் நிற்க மாட்டான், டார்ச்சைக் கண்டால் என் காலைக் கட்டிக்கொள்வான். இன்று நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹப்ஸா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"கொசு மாமி, இங்க வாங்க, நான் ஒண்ணு காட்டுதேன்!"

பழைய ஆட்டுரல் குழியில் மழைத் தண்ணீர். அதற்குள் நாலைந்து புழு நெளிகிறது. நான் டார்ச் அடித்தாலும் தவறவிட்டிருக்கக்கூடிய இடம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டையில் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு ஸ்டார் போட்டு, ஹப்ஸா என்று எழுதினேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல் விழுந்த இடமெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் ஓடிவந்து, எங்களுக்கு எங்களுக்கு என்றன. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. புழுவைக் கண்டுபிடித்துக் காட்டினால் ஒரு ஸ்டார். ஐந்து ஸ்டார் வாங்குகிற பிள்ளைக்கு என் நீல பேட்ஜ். சட்டையில் குத்துகிற பேட்ஜ் என்னிடம் பழசு ஒன்று கூடுதலாக இருக்கிறது. தெருவில் இருபது பிள்ளைகள், நாற்பது கண். என் இரண்டு கண்ணுக்கு இனி ஓய்வுதான்.

அக்டோபர் 13, திங்கள்

வீடு 48. புழு இருந்தது 11.

பார்த்தீர்களா! போன வாரம் மூன்று, இந்த வாரம் பதினொன்று. இத்தனை நாளும் என் கண்ணுக்குத் தப்பியதையெல்லாம் பிள்ளைகள் தோண்டி எடுத்துவிட்டார்கள். சிரட்டையில், டப்பாவில், ஜாம் பாட்டில் மூடியில் என்று ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துபோய்ப் பக்கத்துக் கடையில் வேறு வாங்கினேன்.

ஹப்ஸா என்னை விடாமல் கேள்வி கேட்டாள். இந்தப் பிள்ளை பெரிய படிப்புப் படிக்கும், நான் சொல்கிறேன்.

"மாமி, முட்டையிலேர்ந்து புழு வர எத்தன நாளு?"

"ரெண்டு மூணு நாளு."

"பெறவு?"

"பெறவு ஒரு அஞ்சு நாளு புழுவாக் கெடக்கும். அடுத்தாப்புல கூட்டுப்புழு. ரெண்டு நாள்ல கொசுவாயிப் பறந்துரும்."

"அப்ப பறக்கதுக்கு முன்ன உங்கட்டக் குடுத்துரணும், என்ன?"

"ஆமாட்டி என் ராசாத்தி."

"அது என்னத்தத் திங்கும்?"

"தண்ணியில கெடக்க தூசி தும்பு. சோத்துப் பருக்கை போட்டாக்கூட அழுகுனதும் திங்கும்."

ஹப்ஸா விரல் விட்டு எண்ணிக்கொண்டே உள்ளே போனாள். மைமூன் டீ கொடுத்தாள். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. முன் ரூமில் உட்கார்ந்து குடித்துவிட்டு, அட்டையில் கையெழுத்தும் ஹப்ஸாவுக்கு இரண்டாவது ஸ்டாரும் போட்டேன். பின்கட்டுக்கு நான் போகவில்லை. ஹப்ஸாதான் எல்லாம் பார்த்துவிட்டாளே.

அக்டோபர் 15, புதன்

மீட்டிங்கில் சூப்பர்வைசர் சார் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். "மேலத்தெருவுல மட்டும் எப்படிம்மா இவ்வளவு புழு கண்டுபிடிக்கிறீங்க?" என்றார். ஸ்டார் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பெருமைக்கு ஆசைப்படுகிறவள் இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு எதையும் குத்திப் பேசித்தான் பழக்கம்.

"புழு கிடைச்சா பரிசுன்னா, கிடைக்காத பிள்ளை வளத்துல்லா கொண்டுவரும்?" என்றார்.

என்ன பேச்சு இது? அந்தப் பிள்ளைகளை இவருக்குத் தெரியுமா, அந்தத் தெருவைத்தான் தெரியுமா? இரண்டாவது தோசைக்குச் சட்னி வைக்கவில்லை நான். பொடி தொட்டுத் தின்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம் மூன்று மணி வரை தூங்கினேன். வருஷத்தில் ஒரு நாள்.

அக்டோபர் 27, திங்கள்

வீடு 48. புழு இருந்தது 14.

தெருவுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனேன். ஆதில் ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் என் டார்ச்சும் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றான். கெஞ்சிப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

ஹப்ஸாவுக்கு என் மேல் கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"போன திங்கக்கெழம ஏன் மாமி வரல?"

"தீபாவளில்லா மக்கா?"

"எங்களுக்குத் தீபாவளி இல்லியே. எங்களுக்குத் திங்கக்கெழமதான."

நானும் மைமூனும் சிரித்துவிட்டோம். சிரித்தது அவளுக்கு இன்னும் கோபம்.

"நெறைய இருந்துச்சு. இப்பக் காணோம்."

"எதுட்டி காணோம்?"

"ஒண்ணுமில்ல போங்க."

பிள்ளை மனசு. அதிரசம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ஒரு சிரட்டையில் இரண்டு புழு வைத்திருந்தாள், அதற்கு மூன்றாவது ஸ்டார் போட்டேன்.

அந்த வீட்டில் இப்போது கொசு அதிகம். டீ குடிக்கிறதற்குள் காலில் நாலு கடி, அதுவும் பட்டப்பகலில். பகலில் கடிக்கிற கொசு நல்ல தண்ணீரில் வளர்கிறது என்று நான்தான் ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறேன். ஆனால் ஹப்ஸா வீட்டில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பக்கத்து ஓடையிலிருந்து வருகிறதாக இருக்கும். இரண்டு வீடு தள்ளி, திருப்பூரிலிருந்து தீபாவளி லீவுக்கு வந்த பையன் ஒருத்தன் ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடக்கிறான். சாரிடம் சொல்லி நாளைக்குப் புகை அடிக்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

புகை மெஷின் ரிப்பேராம். மழையும் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 3, திங்கள்

வீடு 48. புழு இருந்தது 23.

பேரூராட்சியிலேயே என் தெருதான் முதல். சார் சொல்கிறார், பதினேழாம் தேதியிலிருந்து எல்லா வார்டிலும் ஸ்டார் முறை வருகிறதாம். "முப்பிடாதி மாடல்" என்று பேர் வைக்கலாமா என்று கேட்டுச் சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். வைத்தால் வைக்கட்டுமே.

ஹப்ஸாவுக்கு நான்காவது ஸ்டார். இன்னும் ஒன்றுதான். பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

மைமூன் போன் செய்தாள். ஆதிலுக்கு வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சலாம். நெருப்பாகக் கொதிக்கிறதாம். டாக்டரிடம் காட்டி, பாரசிட்டமால் மருந்து கொடுத்து, ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். வேறு எந்தக் காய்ச்சல் மாத்திரையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதே, கஞ்சித் தண்ணி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் விடாமல் கொடு, பகலிலும் வலை போட்டுப் படுக்க வை என்றேன். இன்னும் ஒன்று, முக்கியமான ஒன்று, சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நான் நின்ற வீட்டு நாய் குரைத்துக்கொண்டு வந்தது. மறந்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழேகாலுக்கு நேராக மைமூன் வீட்டு வாசலில் நின்றேன். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"காய்ச்சல் விட்டுட்டுக்கா. காலையிலேர்ந்து உடம்பு குளுகுளுன்னு இருக்கு. நாலு நாளைக்குப் பெறவு இப்பத்தான் அசந்து தூங்குதான். அல்லாஹ் காப்பாத்திட்டான்."

அந்த நிமிஷத்தில்தான், சனிக்கிழமை நாய் குரைத்து மறந்துபோனது ஞாபகம் வந்தது. டெங்கு காய்ச்சலில் காய்ச்சல் விடுகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். ட்ரெயினிங்கில் மூன்று தடவை சொன்னார்கள். நானும் முந்நூறு வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய வீட்டில் சொல்லவில்லை.

உள்ளே ஓடினேன். பின் ரூமில், ஜன்னலுக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்தான். காலைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளங்கை சில்லென்று, பிசுபிசுவென்று. "ஆதிலு, கொசு மாமிடா, டார்ச் பாரு" என்று முகத்துக்கு நேரே காட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். டார்ச்சுக்காக என் காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, கையைக்கூட நீட்டவில்லை.

"ஒண்ணுக்குப் போனானா?"

"நேத்து ராத்திரி போனான்."

"வாந்தி?"

"விடியக்காலம் ரெண்டு தடவ. வெறும் வயித்துலல்லா மருந்து குடுத்தேன், அதான்னு நினைச்சேன்."

"எழும்பு மைமூன். எடு பிள்ளைய. சேலைய அப்புறம் மாத்திக்கலாம், எழும்பு!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சல் இல்லாத பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரிக்கு என்று பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதீஜா லாத்தா ஓடிவந்தார். ஹப்ஸாவை அவரிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோ கிளம்பும்போது ஹப்ஸா வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் ஆதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், வேறு கேள்வி கேட்கவில்லை. நர்சுகள் ஓடினார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அவன் அழவில்லை. பிள்ளை அழ வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. நாலாவது குத்தில் ஈனஸ்வரத்தில் "உம்மா" என்றான். மைமூன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டெங்குதான். காய்ச்சல் விட்டதும் சரியாயிட்டுன்னு வீட்டுலேயே வச்சிக்கிறீங்க. இப்பதான் கவனிக்கணும். இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும், பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

பார்ப்போம் என்ற சொல்லுக்கு இவ்வளவு கனமா?

மற்ற நாற்பத்தேழு வீட்டுக்கு இன்று போகவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ரத்தத்தில் தட்டணு, பிளேட்லெட் என்கிறார்களே, அது இருபத்தெட்டாயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா காலையில் மூன்று தடவை வந்து பார்த்தாராம். மைமூன் நேற்று காலையில் கட்டியிருந்த அதே சேலையில் இருக்கிறாள்.

நவம்பர் 12, புதன்

இருபத்தாறாயிரம். ஆனால் ஒண்ணுக்குப் போகிறான், அது நல்லது என்கிறார்கள். கால் சூடாக இருக்கிறதா என்று நானும் மைமூனும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் சிரித்தது.

கதீஜா லாத்தா போன் செய்தார். ஹப்ஸா சாப்பிட மாட்டேன் என்கிறாளாம், பள்ளிக்கூடமும் போகவில்லையாம். யார் கேட்டாலும் பேச்சில்லை. "உம்மாவ நினைச்சு ஏங்குதாபோல, நீங்க வந்து கேட்டா சொல்லுவா" என்றார்.

நவம்பர் 13, வியாழன்

சாயங்காலம் போனேன். ஹப்ஸா, பூட்டிக் கிடந்த தன் வீட்டு வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆதில் இன்றைக்குக் கண் திறந்து டார்ச்சைக் கேட்டான் என்றேன். கொஞ்சம் திரும்பினாள்.

"மாமி, போலீசு வருமா?"

"எதுக்குட்டி போலீசு?"

அவ்வளவுதான். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. முதலில் எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஆதிலுக்கு நான் கொசு வளத்துட்டேன் மாமி."

கதீஜா லாத்தாவிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தேன். ஹப்ஸா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். ஐந்து வாரமாக நான் பார்க்காத பின்கட்டு. தொட்டில் கட்டியிருந்த ரூமின் ஜன்னலுக்கு வெளியே, திட்டின் மேல், ஒரு பழைய தாவணித் துணி போட்டு மூடி ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. துணியை எடுத்தேன். கருகருவென்று நெளிகிறது. அடியில் சோற்றுப் பருக்கை. கூட்டுப்புழுக்கள் வேறு. டப்பாவின் பக்கத்தில் காகிதம் ஒட்டிப் பென்சிலால் எழுதியிருந்தாள்: "திங்கள். கொசு மாமிக்கு."

"ஆட்டுரல்ல தீந்துபோச்சு மாமி. எங்கயுமே கெடைக்கல. எல்லாரும் சிரட்டையில வளக்காங்க. நானும் வச்சேன். நீங்க திங்கக்கெழம வருவீங்கன்னு வச்சிருந்தேன். வரல. செவ்வாக்கெழம பாத்தா எல்லாம் பறந்துட்டு. அதுதான் ஆதில கடிச்சிருக்கு."

தீபாவளியன்று மூன்று மணி வரை நான் தூங்கியது ஞாபகம் வந்தது. "நெறைய இருந்துச்சு, இப்பக் காணோம்" என்று இந்தப் பிள்ளை சொன்னதும், நான் அதிரசம் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. பதினொன்று, பதினான்கு, இருபத்துமூன்று. வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார், நான் சட்னி வைக்கவில்லை. புழுவை ஒழிக்கப் போனவள் தெருவுக்கே புழு வளர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை நாளில் பறக்கும், என்ன தின்னும் என்று பாடமும் எடுத்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் மேய்ந்ததோடு நிற்கவில்லை, அதற்குக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். எதிரில் எட்டு வயசுப் பிள்ளை நிற்கிறது. மூன்று நாளாகத் தம்பியைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், சோறு இறங்காமல் நிற்கிறது. மண்டி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது யாருக்குட்டி வளத்த?"

"உங்களுக்கு."

"என்ன எழுதியிருக்கு இதுல? வாசி."

"கொசு மாமிக்கு."

"அப்ப இது யாரு புழு?"

யோசித்தாள். "உங்க புழு."

"ஆங். என் புழு. என் புழு கொசுவானா அது யாரு கொசு?"

"...உங்க கொசு."

"உனக்கும் அதுக்கும் என்னட்டி சம்மந்தம்? ஸ்டார் போட்டது நான். பின்னால வந்து பாக்காமக் கையெழுத்துப் போட்டது நான். நீ நான் கேட்டதத் தந்த, அவ்வளவுதான். போலீசு வந்தா எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கிடுதேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகச் சொல்கிறேனா, சமாதானத்துக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள். நிஜம்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன். நானும் அழுதேன்.

பிறகு இருவரும் டப்பாவை எடுத்து வெயில்பட்ட காய்ந்த மண்ணில் கவிழ்த்தோம். புழு துடித்து அடங்கும் வரை ஹப்ஸா நின்று பார்த்தாள். கதீஜா லாத்தா வீட்டில் இரண்டு இடியாப்பம் தின்றாள். மூன்றாவதுக்குச் சீனி கேட்டாள்.

உம்மாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆதிலுக்குத் தட்டணு நாற்பத்தோராயிரம், மைமூன் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க மட்டும் அன்னைக்கு வரலன்னா" என்று அழுதாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம். இது தெரிந்தவர்கள் நானும் ஹப்ஸாவும்தான்.

குழந்தைகள் தினமாம். ஆஸ்பத்திரியில் வார்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். தின்னப் பிடிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

திங்கட்கிழமை எல்லா வார்டிலும் ஆரம்பித்துவிடுவார்கள் என்பது குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. தலையைக்கூடத் துவட்டாமல் கிளம்பிப் போய் சாரைப் பார்த்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கடைசியில், "எந்தக் கொசு கடிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அந்தத் தெருவுல முன்னாடியே காய்ச்சல் இருந்திருக்கு" என்றார்.

"அது எனக்கும் தெரியும் சார். ஆனா மேலத்தெருவுல இருபது பிள்ளைங்க சிரட்டையில வளத்துக்கிட்டு இருக்கு. ஒரு டப்பா நானே கண்ணால பாத்தேன், மிச்சம் அந்தப் பிள்ள சொன்னது."

ஸ்டாரை நிறுத்திவிட்டார். எனக்கு மெமோ வரும் என்றார். வரட்டும்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். நான் அப்பவே சொன்னேன்லா என்று ஆரம்பிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்து, "நீ மொதல்ல சாப்பிடு" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆதிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பத்தெட்டாயிரம். பிஸ்கட் கேட்டு அழுகிறான். என்ன அருமையான அழுகை!

வீட்டு வாசலில் வைத்து மைமூனிடம் சொல்லிவிட்டேன். ஹப்ஸாவை ஒரு சொல் சொல்லாதே, வைய வேண்டும் என்றால் என்னை வை என்றேன். மைமூன் வையவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஆதிலை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அஞ்சு வாரமா டீ குடிச்சிட்டுப் போனியளேக்கா. ஒரு நாளு எட்டிப் பாத்திருக்கலாமே" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள், பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருந்ததால். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

நவம்பர் 17, திங்கள்

வீடு 47. புழு இருந்தது 19.

ஒரு வீடு விட்டுப்போனது. அந்த வாசலில் நிற்கத் தைரியம் வரவில்லை. கதீஜா லாத்தாவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொன்னார்.

தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்து, யார் யார் புழு வளர்க்கிறீர்கள், மாமி அடிக்க மாட்டேன், சொல்லுங்கள் என்றேன். ஒரு பயல் மெல்லக் கை தூக்கினான். அவனைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. பதினேழு கை. கோழிக்கூட்டுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் என்று வைத்திருந்தார்கள்; ஒரு பிள்ளை குரான் பள்ளிக்கூடப் பைக்குள் மூடி போட்ட பாட்டிலில் வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் வாங்கிக்கொண்டேன். தப்பு மாமி மேல்தான் என்று அந்தப் பதினேழு பிள்ளைகளிடமும் சொன்னேன். பெரியவர்கள் தங்கள் மேல் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை போல. வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இனிமேல் ஸ்டார் இல்லையா மாமி என்றது ஒன்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள் என்றார் சார்.

நவம்பர் 24, திங்கள்

இன்றும் தயங்கித்தான் நின்றேன். இரண்டாவது வீட்டை முடித்துவிட்டு, நேராக நான்காவதுக்குப் போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தபோது உள்ளேயிருந்து மைமூன் சத்தம்.

"யாரு அது, வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வராமப் போறது?"

நான் உள்ளே போனேன். மைமூன் மடியில் பீடிச் சுளகை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பின்னால போயிப் பாருங்க. எல்லாத்தையும் பாருங்க. பாத்த பெறவுதான் டீ."

சரி என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். பின்கட்டில் டிரம், தொட்டி, இலைச் சட்டி, ஆட்டுரல் குழி, பூந்தொட்டித் தட்டு என்று ஒன்று விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜன்னல் திட்டையும் பார்த்தேன். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறாள். ஆட்டுரல் கவிழ்ந்து கிடந்தது. அதை இரண்டு பொம்பிளைகள் சேர்ந்துதான் புரட்டியிருக்க முடியும்.

திரும்பினால் ஹப்ஸா நிற்கிறாள். பள்ளிக்கூடச் சட்டை, இரண்டு சடை. கையில் அதே ஐஸ்கிரீம் டப்பா. கழுவித் துடைத்து, ஈரப் பொட்டு இல்லாமல், வெயிலில் காய வைத்தது.

"ஒண்ணுமே இல்ல மாமி" என்றாள். பரீட்சையில் தோற்றவள் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஒண்ணுமே இல்லியா? தொட்டியில?"

"இல்ல."

"சட்டியில?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்க நானே தேச்சுக் கழுவுதேன். இல்ல."

"வீடு பூரா ஒரு புழுகூடக் கெடையாதா?"

"கெடையாது மாமி."

கையைப் பிடித்து முன் ரூமுக்குக் கூட்டிவந்து, கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையைத் திருப்பினேன். பழைய நாலு ஸ்டாரையும் அவள் கண் முன்னாலேயே கோடு போட்டு அடித்தேன். அவள் முகம் வாடுவதற்குள், இன்றைய தேதிக்கு நேரே, இதுவரை போட்டதிலேயே பெரிசாக ஒரு ஸ்டார் போட்டு, ஹப்ஸா என்று எழுதினேன்.

"இது எதுக்கு மாமி?"

"ஒண்ணுமில்லாததுக்கு. இனிமே ஒண்ணுமில்லன்னாத்தான் ஸ்டார். நான் உள்ள வந்து, என் கண்ணால பாத்த பெறவு."

நம்பாமல் அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். விழுந்த பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது.

ஆதில் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறான். ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, எனக்கும் போடு என்று கையை நீட்டினான். ஊசி குத்திய இடம் இன்னும் பச்சையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், வலிக்காமல், சின்னதாக ஒன்று போட்டேன். கை சூடாக இருந்தது. நல்ல சூடு, பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய சூடு.

மைமூன் டீ கொண்டுவந்து வைத்தாள். ஏலக்காய் இருந்தது. சர்க்கரை கொஞ்சம் கூடுதல். நான் சொல்லவில்லை, குடித்தேன்.

வீடு 48. மைமூன் வீட்டில் புழு இல்லை. நானே பார்த்தேன்.